குருதிச்செம்மலுக்கு ஒரு மாத்திரை

அந்தப் பையை எடுத்து மடியில வச்சிக்கிட்டியன்னா நானும் உக்காந்துக்கிடுவேன் அண்ணாச்சி. ஆங், அப்படித்தான். நல்லா இருப்பிய. திருநவேலிக்கா? நானும் திருநவேலிக்குத்தான். பெரியாஸ்பத்திரி வரைக்கும் ஒரு சோலி. உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு ரிசல்ட் வாங்கணும்.

என்ன, எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கேன்னு யோசிக்குதியளா? யோசிப்பிய. எல்லாரும் யோசிப்பாங்க. சங்கரன்கோயில் பஸ் ஸ்டாண்டுல கட்டணக் கழிப்பறைச் செவுத்துல ஒரு போஸ்டர் இன்னமும் கிழியாம இருக்கு. வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை, பின்னால செவப்பா ஒரு ரத்தத்துளி, துளிக்குள்ள என் தலை. 'குருதிச்செம்மல் உச்சிமாகாளி'. அது நாந்தான். கவனிக்கலையா? பரவாயில்ல, திரும்பிப் போகும்போது பாருங்க.

தொழிலு பந்தல், சேர், மைக்செட்டு வாடகைக்கு விடுதது. கட்சியிலயும் இருக்கேன். எந்தக் கட்சின்னு மட்டும் கேக்காதிய. இப்ப உள்ளதைச் சொன்னா முன்னால உள்ளது கோவிச்சுக்கிடும்.

உங்ககிட்ட ஒரு ஞாயம் கேக்கணும் அண்ணாச்சி. முன்னபின்ன தெரியாத ஆளுகிட்டதான் கேக்கணும். தெரிஞ்ச ஆளுன்னா எங்க வீட்டம்மா பக்கம் பேசிருதான். கட்டுன பொண்டாட்டி பத்துப் பேர் மத்தியில புருசனை மானங்கெடுக்கலாமா? 'கூடாது'ன்னு உடனே சொல்லிராதிய. முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு அதையே சொல்லுங்க.

வருசா வருசம் ஆனி மாசம் என் பிறந்தநாளுக்கு ரத்ததான முகாம் நடத்துவேன். நம்ம பந்தல், நம்ம சேர், நம்ம மைக்செட்டு. ரத்த வங்கியில இருந்து வேன் வரும். ஊர் எளவட்டங்க வரிசையில நிப்பாங்க, நம்ம வயசு ஆளுக பந்தலையும் ஜூஸையும் பாத்துக்கிடுவாங்க. குடுத்தவனுக்கெல்லாம் ஒரு மாம்பழ ஜூஸு, ஒரு பிஸ்கட் பாக்கெட்டு, என் படம் போட்ட ஒரு எவர்சில்வர் டம்ளர். மொதக் கட்டில் எனக்கு. போய்ப் படுப்பேன், கையை நீட்டுவேன், அந்த ரப்பர்ப் பந்தைப் பிடிச்சு நல்லா அமுக்குவேன். கொம்பையா என் கையில ஒரு பிளாஸ்திரியை ஒட்டுவான். போட்டோ எடுப்பாங்க. எந்திரிச்சிருவேன்.

ஊசியா? ஊசி எதுக்கு அண்ணாச்சி? பிறந்தநாள் அதுவுமா நானும் ரத்தத்தைக் குடுத்துட்டு மல்லாந்து கெடந்தா, வந்தவங்களை வாங்கன்னு யாரு கேக்கது? எனக்கு ஊசின்னா பயம்னு எங்க வீட்டம்மா சொல்லுவா. பயமெல்லாம் இல்ல. பிடிக்காது, அம்புட்டுத்தான். அத்தனை பேரைக் குடுக்க வச்சவன் குடுத்த மாதிரிதானே? கோயில் கட்டுன ராசா கல்லா சுமந்தான்?

கொம்பையா யாருன்னு சொல்லலையே. நம்ம பய. பந்தக்கால் நடுததுல இருந்து, நான் மேடையில பேசும்போது மொதக் கைதட்டுத் தட்டுதது வரைக்கும் அவந்தான். நான் எந்தக் கட்சிக்குப் போனாலும் ஏன்னு ஒரு வார்த்தை கேக்காமப் பின்னால வந்தவன். பீடி கிடையாது, தண்ணி கிடையாது. டீ கூட ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல குடிக்க மாட்டான். அப்படி ஒரு பிறவி.

சரி. போன வருச முகாமுக்கு ஒரு புது நர்சம்மா வந்திருந்துது. நம்ம நடைமுறையை அதுக்கு யாரும் சொல்லலை. நான் படுத்தேன், பந்தை அமுக்குனேன், கேமராவைப் பாத்துச் சிரிச்சேன். பேஸ்புக்குல நேரலை ஓடிக்கிட்டிருக்கு. சுருக்குன்னுச்சு பாருங்க. குனிஞ்சு பாத்தா குழாயில என் ரத்தம் போய்க்கிட்டிருக்கு! கத்த முடியுமா? ஊரே பாக்குது. சிரிச்ச வாயை மூடாம அப்படியே கெடந்தேன். ஒரு பை நிறைய எடுத்துட்டுத்தான் விட்டுது. எந்திரிச்சா கண்ணு இருட்டுது. கொம்பையாதான் துண்டால வீசி விட்டான். "அண்ணே, இந்த வருசம் நெசமாவே குடுத்துட்டிய போலுக்கே"ன்னு கேக்கான். "பையப் பேசுலே"ன்னேன்.

கொஞ்ச நாள் கழிச்சு ரத்த வங்கியில இருந்து போன். ஒரு பொம்பளைப் பிள்ளை பேசுச்சு. "உச்சிமாகாளி சாரா? நீங்க ஒரு தடவை நேர்ல வரணும்." என்ன விசயம்மான்னேன். "நேர்லதான் சொல்லணும் சார்"னுச்சு.

நீங்களா இருந்தா என்ன நினைப்பிய? ஊர்ல இத்தனை முகாம் நடத்துன மனுசனை நேர்ல கூப்பிட்டு என்ன குடுப்பாங்க? விருதுதானே? கொம்பையாகிட்ட சொன்னேன். அந்த நிமிசமே ஒரு வேனைப் பிடிச்சுட்டான். வேன் நிறைய ஆளு, ஒரு ரோசாப்பூ மாலை, ரெண்டு சரவெடி. நான் போற வழியிலயே நன்றியுரையைச் சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன்.

போனா ஒரு சின்ன ரூம்பு. ஒரு மேசை, ரெண்டு சேரு. "நீங்க மட்டும் வாங்க சார், கதவைச் சாத்திக்கலாம்"னு அந்தப் பிள்ளை சொல்லுது. "இவங்கெல்லாம் நம்ம ஆளுகதான், சும்மா சொல்லும்மா"ன்னேன். "இல்ல சார், நீங்க மட்டும்." விருதைக் கதவைச் சாத்திக்கிட்டா குடுப்பாங்கன்னு எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துது.

"சார், நீங்க குடுத்த ரத்தத்தைச் சோதிச்சதுல ஹெபடைட்டிஸ் சி-ன்னு ஒரு கிருமி பட்ட அடையாளம் தெரியுது. கல்லீரலைப் பாதிக்கிற கிருமி. இப்பவும் உள்ள இருக்கா, இல்ல எப்பவோ வந்துட்டுத் தானாப் போயிருச்சான்னு இன்னொரு டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும். பயப்படாதீங்க, மருந்து இருக்கு."

"சி-யா?"ன்னேன். "அப்ப ஏ, பி-யெல்லாம் யாருக்குக் குடுத்திய?"

"அதெல்லாம் வேற கிருமி சார்."

அண்ணாச்சி, நான் எதுலயும் மூணாவதா வந்தது கிடையாது. பள்ளிக்கூடத்துல வந்திருப்பேன், அதை விடுங்க. "அப்ப என் ரத்தத்தை என்ன செஞ்சிய?"ன்னு கேட்டேன். "அதை யாருக்கும் ஏத்தக்கூடாது சார். அழிச்சிருவோம்"னுச்சு. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை குடுத்தது. அதையும் கொட்டிட்டாங்க.

வெளிய வந்தா அத்தனை பேரும் என் வாயைப் பாக்குதாங்க. என்ன சொல்லுவேன்? "நம்ம ரத்தம் ரொம்ப அபூர்வமான ரத்தமாம்லே. மேற்கொண்டு ஆராய்ச்சி பண்ணணும்னு சொல்லுதாங்க"ன்னேன். இதுல என்ன பொய் இருக்கு? கொம்பையா கண்ணு கலங்கி மாலையைப் போட்டான். ரத்த வங்கி வாசல்லயே சரவெடியைக் கொளுத்திட்டாங்க. வாச்மேன் கம்பை எடுத்துக்கிட்டு ஓடி வந்தான்.

வீட்டுக்கு வந்து முப்பிடாதிகிட்ட மட்டும் சொன்னேன். முப்பிடாதி எங்க வீட்டம்மா. "கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலக்கிக் குடிச்சாப் போயிரும், மஞ்சக்காமாலைக்கு என்ன பெரிய ஆஸ்பத்திரி"ன்னேன். "மஞ்சளா இருந்தாத்தானே மஞ்சக்காமாலை? நீங்க எப்பவும் போல கருப்பாத்தான் இருக்கிய. கெளம்புங்க"ன்னுட்டா. அவ அப்படித்தான். அதிகம் பேச மாட்டா. பேசுனா அதுக்கு மேல நமக்குப் பேச எடம் வைக்க மாட்டா.

ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா. சின்ன வயசுதான், ஆனா கண்ணாடியைக் கழத்தி வச்சுட்டுப் பேசினா வாத்திச்சி மாதிரி இருக்கும். ரத்தம் எடுத்தாங்க. மறுபடியும் ஊசி, பாத்துக்கிடுங்க. ரிசல்ட் வந்தது. கிருமி போகலை, உள்ளதான் இருக்குன்னாங்க. "இது சத்தங்காட்டாம இருக்கும். வலிக்காது, மஞ்சள் தெரியாது. இருபது முப்பது வருசம் உள்ளயே இருந்து கல்லீரலைக் கொஞ்சங் கொஞ்சமாத் தழும்பாக்கும். பல பேருக்கு ரத்த வாந்தி எடுத்த பிறகுதான் தெரியும்." பொறவு விலாவுல ஏதோ வழுவழுன்னு தடவி ஒரு மெஷினை வச்சு டொக்கு டொக்குன்னு தட்டுனாங்க. நாம தேங்கா வாங்கும்போது தட்டிப் பாப்போம்லா, அந்த மாதிரி. "லேசா இறுகியிருக்கு. சுருங்கலை. நல்ல நேரத்துல வந்துட்டீங்க"ன்னாங்க.

அதோட விட்டிருக்கலாம். எப்படி வந்திருக்கும்னு விசாரணை ஆரம்பிச்சிட்டாங்க. ரத்தம் ஏத்தியிருக்கா, ஆபரேஷன் நடந்திருக்கா, ஊரு டாக்டர்கிட்ட பழைய ஊசி போட்டிருக்கீங்களா. இல்ல, இல்ல, இல்லன்னுதான் சொன்னேன். "பச்சை குத்தியிருக்கீங்களா?" இல்லன்னேன். முப்பிடாதி பக்கத்துல வந்தா. என் சட்டைக் கையை முழங்கைக்கு மேல சுருட்டி விட்டுட்டா.

டாக்டரம்மா குனிஞ்சு பாத்தாங்க. "இது என்ன படம்? மயிலா?"

"அதுக்குக் கீழ ரெண்டு கட்சி இருக்கு டாக்டரம்மா"ன்னா இவ.

விசயம் என்னன்னா, எளவட்டமா இருக்கும்போது எங்க கட்சி மாநாடு ஒண்ணு நடந்துது. தலைவர் பேரைக் கையில பச்சை குத்துனா தலைவரே பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிடுவாருன்னு சொன்னாங்க. பந்தலுக்குப் பின்னால ஒரு ஆளு மெஷினோட உக்காந்திருந்தான், எங்களுக்கு முன்னாலயே பல ஊர் ஆளுகளுக்குக் குத்தியிருந்தான். ஒரு மெஷினு, ஒரு ஊசி, ஒரு கிண்ணத்துல மையி. எங்க ஊர்ல இருந்து போன அத்தனை பேரும் வரிசையா நின்னோம். ஒருத்தன் கையைத் துடைச்ச துணியாலயே ஊசியையும் துடைச்சுட்டு அடுத்த கையைப் பிடிப்பான். ஊசின்னா பிடிக்காதுதான், ஆனா தலைவர் போட்டோன்னாங்களே, கண்ணை மூடிக்கிட்டு நீட்டிட்டேன். எனக்கு அடுத்தாப்புல கொம்பையா. அவனுக்குக் குத்தும்போது மெஷின்காரனுக்கு அசந்துட்டுது, ஒரு எழுத்துல புள்ளி விட்டுப் போச்சு. தலைவர் கடைசி வரைக்கும் அந்தப் பக்கம் வரலை.

பொறவு நான் கட்சி மாறுனேன். அந்தப் பேர் மேல ஒரு பூவைப் போட்டேன். அதுக்குப் பொறவும் மாற வேண்டி வந்துது. பூ மேல மயில். கொம்பையா மட்டும் எதையும் போடலை. "அழிச்சு அழிச்சு எழுத இது என்ன சிலேட்டாண்ணே"ன்னு விட்டுட்டான்.

டாக்டரம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, "அந்த வரிசையில நின்ன எல்லாருமே ரத்தம் சோதிக்கணும். அவங்ககிட்ட நீங்க சொல்லணும்"னாங்க. "நீங்க எத்தனாவது ஆளா நின்னீங்க?"ன்னும் கேட்டாங்க.

"கடைசி ஆளு"ன்னேன்.

முப்பிடாதி என்னைப் பாத்தா. "நாந்தான் மொத ஆளுன்னு மேடைக்கு மேடை சொல்லுவியளே?"

அது மேடை அண்ணாச்சி. மேடையில மொத ஆளாத்தான் நிக்க முடியும். ஆஸ்பத்திரியில போய் மொத ஆளுன்னா, எங்கிட்ட இருந்துதான் மத்தவனுக்குப் போச்சுன்னு ஆயிராதா? "யார் முதல், யார் கடைசிங்கிறது இப்ப முக்கியமில்ல. எல்லாரும் சோதிக்கணும், அதுதான் முக்கியம்"னாங்க டாக்டரம்மா. முக்கியமில்லைன்னா எதுக்குக் கேக்கணும்?

தினம் ஒரு நேரம் மாத்திரை, பன்னெண்டு வாரம். அரசாங்கமே சும்மா குடுக்கு. அனேகமா எல்லாருக்கும் அடியோட போயிரும்னாங்க. ஒருநாள் கூட விடக்கூடாது, கீழாநெல்லி, லேகியம் எதையும் சேத்துக் குடிக்கக் கூடாது, சாராயம் ஆகவே ஆகாது. இவளையும் சோதிச்சாங்க, இவளுக்கு இல்ல. "ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது. சவர பிளேடு, நகவெட்டி, பல் பிரஷ் மட்டும் தனியா வச்சிக்கோங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

மாத்திரையை வீட்டுல வைக்க முடியுமா? ஆளு வருவான் போவான். குடோன்ல பழைய ஆம்ப்ளிபயர் டப்பாக்குள்ள வச்சுக்கிட்டேன். ஒருநாள் விடலை. நேரம் தப்பலை. கொள்கைன்னு வந்துட்டா நான் அப்படித்தான்.

இப்ப அந்த 'சொல்லணும்'ங்கிற விசயத்துக்கு வாரேன். நீங்களே யோசியுங்க. உள்ளாட்சித் தேர்தல் வரப்போகுது. வார்டுக்கு நாந்தான் நிக்கேன்னு பேச்சு. இந்த நேரத்துல பத்துப் பேரைக் கூப்பிட்டு, எனக்கு ரத்தத்துல கிருமி இருக்குடேன்னா, அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லுவான், அவ தண்ணிக் குழாயடியில சொல்லுவா. குருதிச்செம்மல்னு போஸ்டர் அடிச்ச ஆளு அண்ணாச்சி நான்! தேர்தல் முடியட்டும், மறுநாளே சொல்லிருவோம்னு முடிவு பண்ணுனேன். இருபது வருசத்துக்கு மேல உள்ள இருந்த கிருமி, ஒரு தேர்தலுக்குப் பொறுக்காதா?

நான் என்ன செய்ய, தேர்தலைத் தள்ளி வச்சிட்டாங்க. வார்டு பிரிக்கதுல வழக்காம். பொறவும் தள்ளி வச்சாங்க. அதுக்கு நானா பொறுப்பு?

"கொம்பையாகிட்ட சொல்லிட்டியளா?"ன்னு முப்பிடாதி கேட்டா. சொல்லிட்டேன்னேன். சொல்லணும்னு நினைச்சிருந்தேன், அதைத்தான் அப்படிச் சொன்னேன்.

அந்த நேரத்துலதான் கொம்பையாவுக்கு ஒரு மாதிரி ஆச்சு. நாலு சேரைத் தூக்குனா மூச்சு வாங்கும். காலு வீங்குச்சு. வயிறு முன்னால தள்ளிக்கிட்டு வந்துது. ஊர் என்ன சொல்லும்? வயிறு வீங்குனவன் குடிகாரன். அது ஒண்ணுதான் ஊருக்குத் தெரிஞ்ச வைத்தியம். ஒருநாள் குடோனுக்கு வந்து பந்தல்துணி மேல உக்காந்தான். "அண்ணே, நான் ஒரு சொட்டுக் குடிச்சதில்ல. எம் பொண்டாட்டியே என் வாயை மோந்து பாக்கா. நான் குடிக்கலைன்னு நீங்களாவது சொல்லுங்கண்ணே"ன்னான்.

"எனக்குத் தெரியும்லே, ஊருக்குத் தெரியாதே"ன்னேன். "கொஞ்ச நாளைக்கு ஒதுங்கி ஓய்வா இரு"ன்னேன். கட்சிக்கும் கெட்ட பேராகுதுன்னு மேல இருந்து கேட்டாங்க. அவனைக் கிளைச் செயலாளர் பொறுப்புல இருந்து எடுக்கச் சொல்லி ஒரு தீர்மானம் போட்டோம். நாந்தான் முன்மொழிஞ்சேன். அவன் நல்லதுக்குத்தான். பொறுப்பு இருந்தா அலைவான், உடம்புக்கு ஆகாது. அந்தக் கூட்டத்துக்கும் அவந்தான் சேரு போட்டான். போட்டுட்டு, விசயத்தைக் கேட்டுட்டு, அத்தனை சேரையும் மடக்கி வச்சுட்டுப் போயிட்டான்.

அடுத்த முகூர்த்தத்துல ஒரு கல்யாண வீட்டுப் பந்தல். கொம்பையா ஏணியில நின்னு துணியைக் கட்டிக்கிட்டிருந்தவன் இறங்கி வந்து, வாழைமரத்தைப் பிடிச்சிக்கிட்டு வாந்தி எடுத்தான். அத்தனையும் ரத்தம். அண்ணாச்சி, ஒரு மனுசனுக்குள்ள அம்புட்டு ரத்தம் இருக்கும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். நானும் எத்தனையோ முகாம் நடத்துனவன்.

பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. அங்கயும், எவ்வளவு குடிப்பான்னுதான் மொதல்ல கேட்டிருக்காங்க. அவன் பொண்டாட்டி சொர்ணம் முப்பிடாதிக்குப் போன் பண்ணி அழுதா. முப்பிடாதி, "அந்தப் பச்சை குத்துன விசயத்தை டாக்டர்கிட்ட சொன்னியா?"ன்னு கேட்டிருக்கா. "பச்சைக்கும் இதுக்கும் என்ன?"ன்னிருக்கா சொர்ணம்.

போனை வச்சா. என் முன்னால வந்து நின்னா. "சொல்லிட்டேன்னு சொன்னிய." அம்புட்டுத்தான் கேட்டா. தேர்தல் விசயத்தை எடுத்துச் சொன்னேன். வழக்கு விசயத்தையும் சொன்னேன். முழுசாக் கேட்டா. பொறவு சேலையை மாத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. அன்னைக்கு எனக்குச் சாப்பாடு கடையிலதான்.

இவ போய்ச் சொன்ன பொறவு, எனக்குப் பாத்த அதே டாக்டரம்மா கொம்பையாவைச் சோதிச்சாங்க. அதே கிருமி. ஆனா அவனுக்குக் கல்லீரல் சுருங்கிப் போச்சாம். தொண்டை வழியாக் குழாயை விட்டு, ரத்தம் வந்த நரம்பைக் கட்டி நிப்பாட்டியிருக்காங்க. மாத்திரை ஆரம்பிச்சாங்க. கிருமி போயிரும், ஆனா சுருங்குனது விரியாது, ஆயுசுக்கும் வந்து காட்டிக்கிட்டே இருக்கணும்னாங்க. இனிமே அவன் பந்தக்கால் தூக்க முடியாது.

நானும் போய்ப் பாத்தேன், பாக்காம இருப்பேனா? ஆப்பிள் கொண்டு போனேன். போட்டோகிராபரையும் கூட்டிக்கிட்டுப் போனேன். நான் கட்டில் பக்கத்துல நின்னு அவன் தோள்ல கையை வச்சேன். அவன் செவுத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டான். போட்டோவுல அவன் முதுகுதான் விழுந்திருக்கு.

முப்பிடாதி சும்மா இருக்கல. வரிசையில நின்னவங்க வீட்டுக்கெல்லாம் போய், "அந்த மாநாட்டுல பச்சை குத்துனவங்க எல்லாரும் ரத்தம் சோதிக்கணுமாம், கொம்பையா அண்ணனுக்கு அதுலதான் வந்திருக்கு"ன்னு பொம்பளைகள்கிட்ட சொல்லிட்டு வந்துட்டா. என் பேரை எடுக்கல. அதுவரைக்கும் சரிதான். அதுவரைக்கும் நான் அவளைக் குத்தஞ் சொல்லலை.

அன்னைக்குச் சாயங்காலமே பயலுவ எல்லாரும் குடோனுக்கு வந்துட்டாங்க. சேரை எடுத்துப் போட்டு உக்காந்தாங்க. "அண்ணே, நம்ம வீட்டுப் பொம்பளைங்க ஆஸ்பத்திரிக்குப் போ போன்னு சொல்லுதாங்க. நீங்கதான மொத ஆளாக் குத்துனிய. நீங்க சோதிச்சியளா?"

"எனக்கு எதுக்குடே? நான் ரத்தமே குடுத்தவன். கெட்ட ரத்தம்னா வாங்கியிருப்பாங்களா?"ன்னேன். பயலுவ மூஞ்சியெல்லாம் தெளிஞ்சிட்டுது. "அண்ணனுக்கே ஒண்ணுமில்ல, நமக்கு என்ன? ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கிட்டு"ன்னு ஒருத்தன் எந்திரிச்சான். எனக்கும், சரி, பிள்ளைகளைப் பயமுறுத்தாம அனுப்புதோம்னு ஒரு நிம்மதி.

அப்ப முப்பிடாதி உள்ள வந்தா. ஒரு கையில தண்ணி டம்ளர், என் படம் போட்ட டம்ளரு. நேரா அந்த ஆம்ப்ளிபயர் டப்பாகிட்ட போனா. தொறந்தா. மாத்திரை டப்பாவை எடுத்து, ஒண்ணை உள்ளங்கையில தட்டி, அத்தனை பேர் மத்தியில எங்கிட்ட நீட்டுனா.

"நேரமாச்சு. போடுங்க."

"என்ன மாத்திரைம்மா அது?"ன்னான் ஒருத்தன்.

"கல்லீரல் கிருமி மாத்திரை. கொம்பையா அண்ணனுக்குக் குடுக்காங்கள்லா, அதே மாத்திரைதான். இவுகளுக்குப் பாதிக்கு மேல முடிஞ்சிருச்சு"ன்னா. சத்தம் போடலை, கோவப்படலை. சோறு வேணுமான்னு கேக்குத மாதிரி சொன்னா. "முழுங்குங்க, விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கள்லா."

முழுங்குனேன். வேற என்ன செய்ய? என் தொண்டையில தண்ணி இறங்குத சத்தம் எனக்கே கேட்டுது. ஒருத்தன் தன் சட்டைக் கையைத் தூக்கி அந்தப் பழைய பேரைப் பாத்துக்கிட்டிருந்தான். பொறவு ஒவ்வொருத்தனா எந்திரிச்சுப் போயிட்டான். சேரை மடக்கி வைக்கக் கூட ஆளில்ல.

மறுநாள் காலையில எங்கிட்ட கேக்காமலேயே ஒரு வேனைப் பிடிச்சு அத்தனை பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. நாலு பேருக்கு இருந்துது. ஒருத்தனுக்கும் கொம்பையா அளவுக்கு முத்தலை. மாத்திரை தின்னுக்கிட்டிருக்காங்க. எனக்கு வணக்கம் சொல்லுததை நிப்பாட்டிட்டாங்க. கட்சியில வேற ஆளைப் பாக்குதாங்களாம்.

சொல்லுங்க அண்ணாச்சி. இது ஞாயமா? தனியாக் கூப்பிட்டு, 'இந்தாங்க, நீங்களே சொல்லிருங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? சொன்னாதான். எத்தனையோ தடவை சொல்லத்தான் செஞ்சா. ஆனா பத்துப் பேர் மத்தியிலயா?

சரி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

என் மாத்திரை முடிஞ்சு மூணு மாசம் ஆகப்போகுது. கிருமி திரும்பி வரலைன்னு பாக்கதுக்குப் போன வாரம் ரத்தம் குடுத்துட்டு வந்தேன். அந்த ரிசல்ட்டுதான் இன்னைக்கு. போயிருக்கும், நிச்சயம் போயிருக்கும். போஸ்டருக்குச் சொல்லி வச்சிருக்கேன். 'சி-யை வென்ற செம்மல்'. தலைக்குப் பின்னால ரத்தத்துளிக்குப் பதிலா ஒரு கல்லீரல். அச்சகத்துக்காரன், கல்லீரல் எப்படிண்ணே இருக்கும்னு கேக்கான். ஆட்டுக்கடையில போய்ப் பாருன்னேன். இந்த வருசம் ரத்ததானத்துக்குப் பதிலா கல்லீரல் முகாம். வருவாங்க. கொஞ்ச நாள் போனா எல்லாரும் வருவாங்க.

தச்சநல்லூர் தாண்டிட்டோமா? அப்ப ஜங்ஷன் வந்திரும்.

அண்ணாச்சி, முன்னால டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டைப் பாருங்க. ஜன்னலோரம் தலையைச் சாச்சிருக்கான்லா, தோள்ல துண்டு. அவந்தான் கொம்பையா. இன்னைக்கு அவன் மாசச் செக்கப்பு. நடுவுல இருக்கது சொர்ணம். இந்தப் பக்கம் பச்சைச் சேலை, எங்க வீட்டம்மா. ஒரே ஸ்டாப்புல ஏறுனோம். அது மூணு பேர் சீட்டு. கொஞ்ச நேரம் பக்கத்துல நின்னு பாத்தேன். பொறவு இங்க எடம் தெரிஞ்சுது, வந்துட்டேன்.

ஒரு உதவி செய்யணும். படி இறங்கும்போது அவனுக்குக் காலு தடுமாறும். பொம்பளைக ரெண்டு பேரும் பையைத் தூக்குவாங்களா, அவனைப் பிடிப்பாங்களா? நீங்க முன்கூட்டியே போய் நின்னு, கையைப் பிடிச்சு இறக்கி விடுங்க. நான் பிடிச்சா உதறிருவான். போன மாசம் அப்படித்தான், உதறிட்டுக் கம்பியைப் பிடிக்கப் போய் விழப் பாத்தான்.

மெதுவாப் பிடிங்க. செக்கப்புக்குப் போன வாரம் ரத்தம் எடுத்த எடம் கையில இன்னும் கன்னிப் போயிருக்கும். யார் சொல்லி வந்தியன்னு கேட்டா, யாரும் சொல்லலைன்னு சொல்லுங்க. என் பேரைச் சொல்லிராதிய.